வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்து

பெரம்பலூரில் நாங்கள் என்ன தொழில் செய்கிறோம் என்று ஒருவருக்கு விளங்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் தொடங்கிய ஆபீஸ் அது. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஓர் உரக்கடையின் மாடி. நாலு கம்ப்யூட்டர்கள், கரண்ட் போனால் கீச்சுக்கீச்சென்று கத்தும் ஒரு யூபிஎஸ், கீழேயிருந்து ஏறி வரும் பூச்சிமருந்து வாசனை. உரம் வாங்க வருகிறவர்கள் மாடியைக் காட்டி, "மேல என்னங்க, பாஸ்போர்ட் எடுக்கிறாங்களா?" என்று கேட்பார்கள். "இல்லப்பா, இண்டர்நெட்ல ஏதோ தேடிக் குடுக்கிறாங்களாம்" என்பார் கடைக்காரர். அதைக் கேட்டுவிட்டுக் குன்னத்துக்காரர் ஒருவர் படியேறி வந்து, கோபித்துக்கொண்டு போன தன் மச்சினனைத் தேடித் தர முடியுமா என்று கேட்டார். சிரிக்கவும் முடியவில்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்து அனுப்பினோம்.

நாங்கள் தேடவில்லை; தேடுகிறவன் கண்ணில் முதலில் படும்படி அடுத்தவரைத் தூக்கி வைத்தோம். இங்கிலாந்தில் யாரோ ஒருவர் ஜன்னல் திரை விற்பார். அந்த ஊர்க்காரர்கள் தேடுபொறியில் ஜன்னல் திரை என்று அடித்தால் அவர் கடைதான் முதலில் வர வேண்டும். அதற்கு நாங்கள் இங்கே உட்கார்ந்து ஜன்னல் திரையைப் பற்றிக் கட்டுரை கட்டுரையாக எழுதி, ஊர்ப்பட்ட தளங்களில் அவர் பெயரைச் சேர்ப்போம். எங்களிடம் வேலை பார்த்த இரண்டு பெண்களில் ஒருத்தி வாய்த்துடுக்கு. "சார், எங்க வூட்டுல ஜன்னலுக்கு அம்மாவோட பழைய பொடவதான். அதுக்கு ஏன் சார் இத்தன கட்டுரை?" என்பாள். ஆனாலும் அவள் எழுதிய கட்டுரைகள்தான் நன்றாக இருக்கும்.

நாங்கள் என்றால் நானும் என் நண்பனும். அரியலூரில் காலேஜ் படித்தபோது மூன்று வருஷமும் ஒரே பெஞ்ச். அவன் அம்மா எனக்கும் சேர்த்தே சாப்பாடு கட்டிக் கொடுத்துவிடுவார். எனக்கு ஆங்கிலம் படித்தால் புரியும், எழுத உட்கார்ந்தால் வியர்க்கும். அவனுக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. அதனால் வெள்ளைக்காரர்களிடம் பேசுவது அவன். தளங்களைச் சரிபார்ப்பது, பெண்களுக்குத் தொழில் சொல்லிக் கொடுப்பது நான். அவனை நான் மச்சான் என்பேன், என்னை அவன் மாப்ள என்பான். சொந்தம் ஒன்றும் கிடையாது. சொந்தக்காரனைவிட அதிகமாக நம்பினேன். அவனைப் பற்றி எழுதும்போது இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அதனால் நான் நிதானமாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

தொழிலில் நான் கற்றது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு தளம் இன்னொரு தளத்தைக் கைகாட்டுவதற்குப் பெயர் இணைப்பு. யார் கைகாட்டுகிறார் என்பதுதான் விஷயம். தெருவில் போகிற எவனோ நூறு பேர் ஒரு டாக்டரை நல்லவர் என்று சொல்வதும், ஊரில் மரியாதைக்குரிய ஒருவர் சொல்வதும் ஒன்றாகுமா? தேடுபொறியும் அப்படித்தான் கணக்குப் போட்டது. ஒரு காலேஜோ பல்கலைக்கழகமோ தன் பக்கத்திலிருந்து உங்களைக் கைகாட்டிவிட்டால் உங்கள் மதிப்பு ஏறிவிடும். அப்புறம் நீங்கள் யாரைக் கைகாட்டினாலும் அவருக்கும் அதில் கொஞ்சம் ஒட்டும்.

குறுக்கு வழியும் இருந்தது. வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்தாலேயே இணைப்புகளை எழுதி ஒளித்து வைப்பது. பார்க்கிறவனுக்குத் தெரியாது, தேடுபொறிக்குத் தெரியும். கண்டுபிடித்தால் அந்தத் தளத்தையே அது தூக்கி எறிந்துவிடும். இந்தக் கண்றாவி நம் ஆபீசில் கூடாது என்று ஆரம்பத்திலேயே நாங்கள் இருவரும் பேசி முடிவு செய்திருந்தோம். எந்தப் பக்கத்தையும் நம்புவதற்கு முன் அதை முழுசாக செலெக்ட் செய்து பாருங்கள், ஒளிந்திருக்கிற எழுத்து நீலத்தில் தெரிந்துவிடும் என்று பெண்களுக்குச் சொல்லி வைத்திருந்தேன்.

எனக்கென்று ஒரு தளம் இருந்தது. வாடிக்கையாளர் யாருக்கும் இல்லை, எனக்கே எனக்கு. என் அப்பா ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். எங்கள் பக்கத்து மண் ஒரு காலத்தில் கடலாக இருந்ததாம். வெட்டுகிற இடத்தில் நத்தை போலச் சுருண்ட கல், சிப்பிக் கல், எதுவென்றே தெரியாத எலும்புக் கல் எல்லாம் கிடைக்கும். "இந்தா, உனக்குன்னே கெடந்துச்சு" என்று சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தருவார். அவற்றைப் படம் பிடித்து, எந்த ஊரில் கிடைத்தது, என்ன கல் என்று புத்தகங்களில் தேடிப் படித்து எழுதிப் போட்டேன். உருண்டையாக எது கிடைத்தாலும் டைனோசர் முட்டை என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். அதற்குத்தான் அதிகக் கூட்டம். தளத்துக்கு இடம் பிடித்துக் கொடுத்ததும் ஆங்கிலத்தைத் திருத்தியதும் என் நண்பன். ஆகவே கடவுச்சொல் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

ஒருநாள் வெளியூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மெயில். நிலவியல் பேராசிரியை ஒருவர், என் தளத்தைத் தன் துறையின் பக்கத்தில் சேர்த்திருப்பதாகவும், தை பிறந்ததும் மாணவர்களைக் காரை கிராமத்துக்கு அழைத்து வரப் போவதாகவும், நான்தான் கூட வந்து இடங்களைக் காட்ட வேண்டும் என்றும் எழுதியிருந்தார். காரையில் செம்மண்ணும் வெள்ளை மண்ணுமாக மழை அரித்த மேடுகள் இருக்கின்றன; கல் தேடுகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் வருவார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. லாரிக்காரர் மகனைப் பல்கலைக்கழகம் கூப்பிடுகிறது! அதை அச்சடித்து அப்பாவிடம் காட்டினேன். அவர் படிக்கத் தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்ம கல்லுக்கா?" என்றார். உலகத்தில் எனக்கென்று ஒரு மரியாதை கிடைத்தது என்றால் அது அந்த ஒரு மெயிலில்தான்.

அந்த ஐப்பசியில்தான் ஜன்னல் திரைக்காரர் அவசரப்பட்டார். கிறிஸ்துமஸுக்குள் முதல் இடம் வர வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்க்கிறேன் என்றார். இந்தத் தொழிலில் யாருக்கும் நாள் குறித்து வாக்குக் கொடுக்கக் கூடாது. என் நண்பன் கொடுத்துவிட்டான். "எப்படி மச்சான் முடியும்?" என்று கேட்டேன். "நீ உன் வேலையப் பாரு மாப்ள, அத நான் பாத்துக்கறேன்" என்றான். சொன்னபடியே திரைக்காரர் கார்த்திகையில் மேலே ஏறினார். ஆபீசில் எல்லோருக்கும் பாதாம் அல்வா வாங்கிக் கொடுத்தான். நானும் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு தின்றேன்.

அல்வா தின்ற வாரமே பேராசிரியையிடமிருந்து மெயில் வந்தது. உங்கள் பக்கங்களில் கண்ணுக்குத் தெரியாத வியாபார இணைப்புகள் இருப்பதாக எங்கள் கம்ப்யூட்டர் பிரிவு சொல்கிறது, உண்மையா என்று கேட்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. பக்கத்து நாற்காலியில்தான் அவன் இருந்தான். "மச்சான், கொஞ்சம் பாரேன்" என்றேன். என் கை அப்போது வேறொரு வேலையில் இருந்தது. அவன் என் தளத்தைத் திறந்தான், மேலும் கீழும் உருட்டினான்.

"நல்லாப் பாத்துட்டேன் மாப்ள. சுத்தமா இருக்கு. அவங்க ஆளுங்களுக்கு ஒண்ணும் தெரியல."

நான் பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் செலெக்ட் செய்து பார் என்று சொன்னவன், என் சொந்தத் தளத்தை அவன் பார்த்துவிட்டான் என்பதற்காகப் பார்க்கவில்லை. உடனே ரோஷமாக ஒரு பதில் எழுதினேன். நான் அந்த மாதிரி ஆள் இல்லை, என் தளத்தில் அப்படி ஓர் எழுத்துகூடக் கிடையாது, கல் மீது ஆணையாகச் சொல்கிறேன், வீண்பழி போடாதீர்கள் என்று. வழக்கம்போல அவனிடம் திருத்தக் கொடுத்தேன். அவன் பொறுமையாக உட்கார்ந்து திருத்தினான். கல் மீது ஆணை என்பதை எடுத்துவிட்டு, என் நேர்மையைப் பணயம் வைக்கிறேன் என்ற அர்த்தத்தில் ஒரு நல்ல ஆங்கில வாக்கியம் போட்டுக் கொடுத்தான். அனுப்பினேன்.

அதற்குப் பதில் வரவில்லை. சில நாளில் என் தளம் தேடுபொறியிலிருந்தே காணாமல் போனது. பெயரை அப்படியே அடித்தாலும் வரவில்லை. பல்கலைக்கழகப் பக்கத்திலிருந்தும் எடுத்துவிட்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் என்ன செய்தான் தெரியுமா? என் தோளில் கை போட்டு, "எவனோ தேவடியாப் பய உள்ள பூந்திருக்கான் மாப்ள, விட மாட்டேன் அவன" என்றான். என்னோடு உட்கார்ந்து கடவுச்சொல்லை மாற்றினான். புதுக் கடவுச்சொல் என்ன வைக்கலாம் என்று யோசனையும் சொன்னான். உள்ளே என்ன கிடக்கிறது என்று தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னான்; அப்போதும் நான் பார்க்கவில்லை.

வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவள் அந்த வாய்த்துடுக்குப் பெண்தான். அவள் தம்பிக்குப் பள்ளிக்கூடத்தில் கல்லைப் பற்றி ஏதோ எழுதச் சொல்லியிருந்தார்கள். என் தளத்தின் முட்டைப் பக்கத்தைக் காப்பி எடுக்க முழுசாக செலெக்ட் செய்தவள், "சார், கீழ நீலமா என்னமோ வருது சார்" என்றாள். போய்ப் பார்த்தேன். பக்கத்தின் அடியில் வெறும் வெள்ளையாக இருந்த இடம் முழுக்க ஜன்னல் திரை, ஜன்னல் திரை, ஜன்னல் திரை. எல்லாம் எங்கள் வாடிக்கையாளர் கடைக்கே போகிற இணைப்புகள். எந்தத் திருடன் வேலை மெனக்கெட்டு எங்கள் வாடிக்கையாளருக்கு உழைத்துக் கொடுப்பான்?

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தோழியைக் கூட்டிக்கொண்டு டீ குடிக்கக் கீழே போய்விட்டாள். அவன் நாற்காலியைத் திருப்பி என் பக்கம் உட்கார்ந்தான்.

"ஆபீஸ் நிக்கணும்ல மாப்ள. உன் சைட்டுக்குத்தான் அந்த மதிப்பு இருந்துச்சு. கொஞ்ச நாள்ல எடுத்துடலாம்னு இருந்தேன்."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ ஒத்துக்குவியா?"

"அந்த மெயில எழுதுறப்ப? நீதான்டா திருத்திக் குடுத்த!"

அவன் நாற்காலியைத் திரும்பக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பிக்கொண்டான். கட்டிப் புரண்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். கூடவே இருந்து குழி பறித்தவன், குழிக்குள் நான் விழும்போது கைபிடித்து இறக்கியும் விட்டிருக்கிறான். இணைப்பை ஒளித்ததைக்கூட என்றாவது மன்னித்திருப்பேன். அந்த மெயிலை என்னை அனுப்ப விட்டானே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "தளம் போனாப் போவுது. அந்த மேடத்துக்கு நீ எழுது. நான் பண்ணல, நீதான் பண்ணேன்னு எழுது. எனக்கு அது போதும்." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சத்தியமா எழுதறேன் மாப்ள" என்றான். மறுநாள், "எழுதிட்டேன்" என்று சொன்னான். நான் என் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். அதற்குப் பிறகு அந்த மாடிக்கு ஏறவில்லை. அரியலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் தட்டச்சு சொல்லிக் கொடுக்கச் சேர்ந்தேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்துப் பேராசிரியை எழுதினார். உங்கள் நண்பரின் மெயில் கிடைத்தது, எல்லாம் தெரிந்துகொண்டேன், பொங்கல் முடிந்து காரைக்கு வருகிறோம், நீங்களும் அவசியம் வாருங்கள் என்று இருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவன் எப்படியோ போகட்டும், கடைசியில் உண்மையை எழுதினானே என்று அவன் மேல் இருந்த கோபத்தில் பாதி இறங்கியது. ஒரு போன் போட்டு நன்றி சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். என்னை எதால் அடிப்பது!

காரையில் மாணவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கித் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக மேடுகளில் சிதறினார்கள். பேராசிரியை நான் நினைத்ததைவிட வயதானவர், காட்டன் புடவை, காலில் ஷூ. என்னைக் கண்டதும் தனியாக அழைத்துப் போனார்.

"அதையே நெனச்சு மனசு ஒடஞ்சு போயிடாதீங்க தம்பி. சின்ன வயசு, ஆசப்பட்டுப் பண்ணிட்டீங்க. உங்க ஃப்ரெண்ட் எல்லாம் எழுதியிருந்தார். நேர்ல மன்னிப்புக் கேக்க உங்களுக்குக் கூச்சமா இருக்காம், அதனால உங்களுக்காக அவரே கேக்கறதா எழுதியிருந்தார். அப்படி ஒரு ஃப்ரெண்ட் கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்."

"மேடம், அத நான் பண்ணல" என்றேன். என் குரல் எனக்கே திருடன் குரலாகக் கேட்டது. அவர் முகத்தில் கோபம் வந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். வரவில்லை. அவர் என் கையை லேசாகத் தட்டிக் கொடுத்தார்.

"திரும்பவும் ஏன் தம்பி? அதான் மன்னிச்சாச்சே" என்றார்.