சீனிக்குப் போட்ட விதைநெல்

உள்ளங்கையில் வைத்தால் இளஞ்சூடாக இருக்கும், அதற்குள் ஒரு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். சீனியை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தச் சூடுதான். காத்தான்குடியில் புடைவைக் கடையொன்றில் வேலைசெய்த அண்ணன், அலங்கார மீன் விற்கும் இடத்தில் வாங்கி, சப்பாத்துப் பெட்டியில் ஓட்டை போட்டு, எங்கள் ஊர் வெல்லாவெளி வரைக்கும் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த குட்டி ஹாம்ஸ்டர் அது. எனக்கு அப்போது பத்து வயது.

பெட்டியைத் திறந்ததும் அம்மா இரண்டடி பின்னால் போனார். "எலிதானே மனே இது! வயல் வட்டையில எலி அடிச்சு அடிச்சே உங்கட அப்பாட கை ஓஞ்சு போச்சு, நீ காசு குடுத்து எலி வாங்கிட்டு வாறியா?" வயல்காரன் வீட்டில் எலிக்குச் சீராட்டா என்று தெருவே சிரித்தது. அப்பா மட்டும், "நெல்லுப் பக்கம் விட்டிராதீங்க" என்றதோடு சரி.

அம்மா அதை ஒருமுறை கையில் எடுக்கவேண்டும், என் ஆசை அவ்வளவுதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கூட்டைத் தூக்கிக்கொண்டு குசினி வாசலில் போய் இருப்பேன். எடுங்கம்மா என்று கெஞ்சினால், "மறுகா பாப்பம்" என்பார். அந்த 'மறுகா' ஒருநாளும் வராது. சீனியோ நெல்லை இரண்டு கையாலும் பிடித்து, கன்னத்துக்குள் அடைத்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் அம்மா அதைக் கண்டுவிட்டு, "கலியாண வீட்டுல பலகாரம் ஒளிக்கிற ஆக்கள் மாதிரியெல்லோ ஒளிக்குது" என்று தன்னை மறந்து சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த நாள் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது அம்மா தானாகவே கூட்டைத் திறந்திருக்கிறார். சும்மா நெல்லைக் கொடுக்க மனம் வரவில்லை. அடுத்த போகத்துக்கென்று அறை மூலையில் கட்டிவைத்திருந்த விதைநெல் மூட்டையை அவிழ்த்து, வீட்டிலேயே திறமான நெல் அதுதானே, ஒரு சிறங்கை அள்ளிப் போட்டிருக்கிறார். ஈரம் அதற்கு ஆகாது என்று அண்ணன் சொல்லியிருந்ததால் கழுவவுமில்லை. வண்டு பிடிக்காமலிருக்க முதல்நாள்தான் அப்பா அந்த மூட்டைக்குள் மருந்துத்தூள் கலந்திருந்தார். வீட்டில் சொல்ல மறந்துவிட்டார்.

நான் வந்தபோது சீனி சூடு ஆறிச் சரிந்து கிடந்தது, கன்னம் இரண்டும் புடைத்தபடி. அப்பா ஒரு நெல்லை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "வித நெல்ல ஆர் குடுத்த?" என்றார். அம்மா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"உங்களுக்கு எலியெண்டா விருப்பமில்லத்தானே! வேணுமெண்டுதானே குடுத்த!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். அந்த வாயில் அம்மா ஓர் அடி போட்டிருக்கலாம், போடவில்லை. நடந்ததையெல்லாம் பிறகு அப்பாதான் எனக்கு விளங்கப்படுத்தினார். விளங்கிய பிறகும் நான் அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. என்ன பிள்ளையோ நான்! அம்மா நாளும் காகத்துக்குச் சோறு வைக்கிற வேலை அன்றிலிருந்து அப்பாவிடம் போனதைக்கூட வெகுகாலம் கவனிக்கவில்லை.

இப்போது அப்பா இல்லை. வயலைக் குத்தகைக்குக் கொடுத்தாயிற்று; மூட்டை இருந்த மூலையில் அண்ணனின் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. போன மாதம் அண்ணனின் மகள் ஒரு ஹாம்ஸ்டர் கொண்டுவந்தாள், சீனியின் அதே சாம்பல் நிறம். அம்மா கிட்ட வந்து பார்த்தார், சிரித்தார்கூட. நான் நாலைந்து சூரியகாந்தி விதைகளை அவர் கையில் வைத்தேன். ஒவ்வொன்றாக மணந்து பார்த்தார், சேலைத் தலைப்பால் துடைத்தார், திரும்ப என் கையிலேயே வைத்துவிட்டார்.

"நீயே குடு மகள். எனக்குக் குடுக்க ஒண்ணா."

"அண்டைக்கு நீங்க வேணுமெண்டு குடுக்கல்லம்மா" என்றேன், இத்தனை வருடம் கழித்து.

"அது எனக்குத் தெரியும்" என்றார் அம்மா. "உனக்குத்தானே மகள் தெரியாம இருந்த."