அம்பாசமுத்திரத்துக்கு வந்த ஏரல் கருவாடு

அம்பாசமுத்திரத்துக்குக் குடிவந்து இரண்டு மாதம் ஆவதற்குள் மரிசெல் கொஞ்சம் சதை போட்டிருந்தாள். தெருவில் பார்க்கிறவர்களெல்லாம் அதைச் சொன்னார்கள். பால்காரர் சொன்னார், தையல்காரர் சொன்னார், பேர் தெரியாத ஒரு அம்மாள் பஸ்ஸிலிருந்து தலையை நீட்டி, "என்னட்டி, ஊதிட்டியே" என்று சொல்லிவிட்டுப் போனாள். வேறு யாராக இருந்தாலும் மனசு சுருங்கியிருக்கும். மரிசெல்லுக்கு ஊர் பிடித்துப்போனதே அதனால்தான். பிலிப்பைன்ஸில் அவள் ஊரிலும் ஆளைப் பார்த்ததும் முதலில் சொல்வது அதுதான். சௌக்கியமா என்பதெல்லாம் பிறகு.

இலோயிலோ பக்கத்தில் நெல் விளைகிற ஒரு கிராமம் அவளுடையது. வீட்டில் மூத்த பெண். பெண்கள் விதைநெல்லை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று ஆராய ஒரு வருஷத்துக்கு உதவித்தொகை கிடைத்து, தொண்ணூற்று நாலு ஆகஸ்டில் தாமிரபரணிக் கரைக்கு வந்தாள். முதலில் பாளையங்கோட்டை விடுதியில் தங்கித் தமிழ் பேசக் கற்றுக்கொண்டாள். விடுதிக் கதவு திறந்து, பஸ் பிடித்து, அம்பாசமுத்திரத்தில் இறங்கி வயலுக்குப் போனால் வெயில் ஏறியிருக்கும். நல்ல கதிராகப் பார்த்துப் பெண்கள் கிள்ளி மடியில் கட்டுவது விடிகிற நேரத்தில். வெயில் வந்தால் மணி உதிரும். இவள் போய்ச் சேரும்போது அவர்கள் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பார்கள். கார் அறுவடை அப்படியே கைவிட்டுப் போயிற்று. மிச்சம் இருந்தது பங்குனியில் அறுக்கிற பிசானப் பயிர் ஒன்றுதான். அதையும் விட்டால் வெறுங்கையோடு ஊர் திரும்ப வேண்டும்.

தனியாக வந்த வெளிநாட்டுப் பெண்ணுக்கு யார் வீடு கொடுப்பார்கள்? அவளுக்கு வழிகாட்டியான பேராசிரியர் வேதமுத்து ஊர் முழுக்க அலைந்து, கடைசியில் உரக்கடை கோமதிசங்கர் வீட்டு மாடி அறையைப் பிடித்துக் கொடுத்தார்.

"வாடகை என்னவும் குடுங்க சார்வாள்," என்றார் கோமதிசங்கர். "மாமிசம் மட்டும் வீட்டுக்குள்ள வரப்பிடாது. நாங்க சைவம்லா."

மரிசெல் தலையை ஆட்டினாள். எதற்கும் தலையை ஆட்டுவது அவள் சுபாவம். வேண்டாம் என்பதை ஒருவர் முகத்துக்கு நேரே சொல்வது அவள் வளர்ந்த வீட்டில் வழக்கமில்லை. கோமதிசங்கரின் மனைவி சொர்ணாம்பாள் இன்னொரு இட்லி வைத்தால் சரி என்பாள். அதற்கு மேல் ஒன்று வைத்தாலும் சரி என்பாள். அவள் ஊதியதில் பாதி அந்தச் சரிகளால் வந்தது.

சொர்ணாம்பாளுக்கு அவள் மேல் பிரியம் உண்டு. வந்த மறுவாரமே அடுக்களைக்குள் விட்டுவிட்டாள். "தேங்கா துருவுததுல எங்க வீட்டுப் பொம்பளைகளைவிட வேகம்," என்று அடுத்த வீட்டில் சொல்லிக்கொண்டாள். மரிசெல்லுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அவளுக்கு விதை பொறுக்கக் கற்றுக்கொடுக்கிற பெண்கள் உரம் வாங்க வரும்போது பின்வாசலைத் தாண்டி வரமாட்டார்கள் என்பதையும் அவள் பார்த்தாள். கடல் தாண்டி வந்தவள் உள்ளே. ஆற்றைத் தாண்டி வருகிறவர்கள் வெளியே. யாரும் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அவள் சாதியை அறிய மட்டும், "உங்க ஊர்ல நீங்க என்ன ஆளுக?" என்று ஒருவர் கேட்டிருந்தார். "நெல்லு ஆளுக," என்று சொல்லி வைத்தாள். அவர் அதைக் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்துவிட்டு, சரி என்று ஒத்துக்கொண்டார்.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பெண்கள் விதை கட்டுவதைப் பார்க்க, தாமிரபரணியின் கடல் பக்கத்து ஊரான ஏரலுக்குப் போனாள். எங்கே போய் வந்தாலும் வீட்டில் இருப்பவர்களுக்கு ஏதாவது வாங்கி வரவேண்டும் என்பது அவள் ஊர் முறை. அதற்குப் பசலுபோங் என்று பேர். பக்கத்து ஊருக்குப் போனாலும் உண்டு. வெறுங்கையோடு வந்தால், போன இடத்தில் உங்களை நினைக்கவே இல்லை என்று அர்த்தம்.

ஏரல் சந்தையில் சீலா மீன் கருவாடு பலகை பலகையாக அடுக்கியிருந்தது. அவள் கண் அதிலேயே நின்றுவிட்டது. தவக்காலம் வேறு. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் அவள் ஊர்க் கத்தோலிக்க வீடுகளில் மாமிசம் சமைக்கவே மாட்டார்கள். பன்றி கிடையாது, கோழி கிடையாது. எல்லா வீட்டிலும் மீன்தான். பாதிரியார் வீட்டிலும் மீன்தான். மாமிசம் தொடாத சொர்ணாம்பாள் அக்காவுக்கு இதைவிடப் பொருத்தமாக வேறென்ன கொண்டுபோக முடியும் என்று அவளுக்குத் தோன்றியது. இருப்பதில் நல்லதாகப் பொறுக்கி, ஒரு ஓலைப்பெட்டியில் கட்டி வாங்கினாள்.

திருநெல்வேலி பஸ்ஸில் கண்டக்டர், "பாப்பா, அந்தப் பெட்டியை எம் பக்கத்துல வைக்காதீக," என்றார்.

"நாறுதா?"

"இல்ல, வயிறு பசிக்கு."

வீட்டுக்கு வந்தபோது சொர்ணாம்பாள் தலைக்குக் குளித்து, வெள்ளிக்கிழமை விளக்கை அப்போதுதான் ஏற்றி முடித்திருந்தாள். மரிசெல் நேரே அடுக்களைக்குப் போய், மேடையில் காப்பித்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்தாள்.

"அக்கா, உங்களுக்கு."

சொர்ணாம்பாள் ஆசையாகத்தான் மூடியைத் திறந்தாள். "இது என்னட்டி?"

"மீனு. ரொம்ப நல்ல மீனு."

மூடி கீழே விழுந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சொர்ணாம்பாள் பின்னுக்குப் போவதைப் பார்த்ததும், ஏதோ பெரிய தப்பு நடந்துவிட்டது என்று மரிசெல்லுக்குப் புரிந்தது. அவள் சிரித்தாள். கூச்சத்தில் உடம்பு கூசும்போது இலோயிலோவில் எல்லோரும் அப்படித்தான் சிரிப்பார்கள். அந்தக் கூச்சத்தை மூட அவர்களுக்குச் சிரிப்பை விட்டால் வேறு துணி கிடையாது.

"சிரிக்கா பாருங்க," என்றாள் சொர்ணாம்பாள், கடையிலிருந்து வந்து நுழைந்த கணவரிடம். "விளக்கேத்தி வச்சிருக்கேன், சவத்தைக் கொண்டாந்து மேடையில வச்சிட்டுச் சிரிக்கா."

கோமதிசங்கர் குடைக் கைப்பிடியின் வளைவில் பெட்டியை மாட்டித் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனார். பின்வீட்டில் மைதீன் பாத்திமா துணி எடுத்துக்கொண்டிருந்தாள். மதிலுக்கு மேலே குடையை நீட்டினார்.

"பாத்திமா, இதை நீ எடுத்துக்க. ஏன்னு கேக்காத."

"கேக்கலை அண்ணாச்சி. சீலாவா?"

அடுக்களையை மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். பிறகு சீயக்காய்த் தண்ணீர். அப்புறம் வெறும் தண்ணீர். மாடிப்படியில் நின்று மரிசெல் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்வாசலில் நிற்கிற பெண்களுக்கு இந்த வீடு எவ்வளவு தூரத்தில் தெரியும் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குப் பிடிபட்டது.

கோமதிசங்கர் பாதிப்படி ஏறி வந்தார். அவர் சத்தம் போடவில்லை.

"மாசி கழியவும் வேற இடம் பாத்துக்கம்மா."

அறுப்பு பங்குனி முதல் வாரம். மரிசெல் சிரித்துக்கொண்டே அதற்கும் தலையை ஆட்டினாள்.

மறுநாள் காலையில் பூத்துக்குப் போய் வேதமுத்துவுக்குப் போன் போட்டாள். அவள் ஊரில் இரண்டு பேருக்குள் மனத்தாங்கல் என்றால் அவர்களே நேரில் பேசிக்கொள்ளமாட்டார்கள். இருவருக்கும் வேண்டிய ஒருவர் நடுவே போய்ப் பேசுவார். யாருக்கும் முகம் வாடாது. அதுதான் மரியாதை. வேதமுத்துவும் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து, வெள்ளைச் சட்டையோடு அப்படியே பஸ் ஏறி வந்தார்.

மாடிப்படியில் உட்கார்ந்து மரிசெல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சின்னப் பிள்ளை, தெரியாம செஞ்சிட்டா," என்றார் வேதமுத்து.

"சார்வாள் காப்பி குடிங்க," என்றார் கோமதிசங்கர்.

சொர்ணாம்பாள் சொன்னாள். "ஏன், அவளுக்கு வாய் இல்லையா? வாய் மேல இருக்கு, வக்கீல் இங்கன வந்திருக்கு. மாடியிலருந்து கீழ வாறதுக்குப் பாளையங்கோட்டையிலருந்து ஆள் வரணுமா சார்?"

"அவுங்க ஊர் வழக்கம் அப்படிம்மா. அது மரியாதை."

"கருவாடும் வழக்கம். ஆள் அனுப்புததும் வழக்கம். எங்க வழக்கத்தைப் படிக்கத்தான அவ வந்திருக்கா? ரெண்டு மாசமா ஒரே அடுக்களையில இருந்து சாப்பிட்டிருக்கோம், என்கிட்டப் பேச அவளுக்குத் தரகர் வேணுமாம்."

வேதமுத்து காப்பியைக் குடித்துவிட்டு, வழக்கில் தோற்றவர் போலப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

மரிசெல் படியிலேயே இருந்தாள். கருவாட்டை வைத்ததைவிட வேதமுத்துவை அனுப்பியதுதான் பெரிய குற்றமாகிவிட்டது என்று தெரிந்தது. மரியாதை என்று நினைத்து இவள் ஒதுங்க ஒதுங்க, அந்த அம்மாள் தன்னை அந்நியமாக்கிவிட்டதாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். இறங்கிப் போய்ப் பேசலாம். ஆனால் என்ன பேசுவது? மூத்த பெண்ணாக வளர்ந்தவளுக்குப் பிறருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுத்தான் பழக்கம். தனக்கு ஒன்று வேண்டும் என்று அவள் யாரிடமும் போய் நின்றதில்லை. உதவித்தொகைகூட அவளுடைய ஆசிரியை எழுதிப் போட்டு வாங்கித் தந்தது.

எழுந்து கீழே போனாள்.

சொர்ணாம்பாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அக்கா," என்றாள் மரிசெல். சிரிப்பு உதட்டுக்கு வந்தது. பல்லைக் கடித்து நிறுத்தினாள். "நாந்தான் தப்பு. சார் இல்ல, நானே சொல்லுதேன். எனக்கு இந்த வீடு வேணும். அறுப்பு முடியணும்."

முறம் நின்றது. "அன்னைக்கு எதுக்குச் சிரிச்ச?"

"கூச்சம். எனக்குக் கூச்சம் வந்தா சிரிப்பு வரும்."

"நல்லாருக்கு. எங்க வீட்டுக்காரருக்குக் கோவம் வந்தா தூக்கம் வரும்." சொர்ணாம்பாள் ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டாள். "மாமிசம் கூடாதுன்னு அன்னைக்கே சொன்னாகளா இல்லையா?"

"சொன்னாக. அது மாமிசம் இல்ல, மீனு. எங்க கோயில்ல வெள்ளிக்கிழமை மாமிசம் கூடாது. மீனு திங்கலாம்."

"பின்ன மீன் என்ன, கொடியிலயா காய்க்கு?"

மரிசெல் யோசித்தாள். பிறந்ததிலிருந்து தின்றுகொண்டிருக்கிற மீனைப் பற்றி இந்தக் கேள்வி இதுவரை வந்ததே இல்லை. "தெரியல அக்கா," என்றாள் உண்மையாகவே. "எங்க கோயில் சாமியார்ட்ட கேக்கணும்."

சொர்ணாம்பாளின் தோள் முதலில் குலுங்கியது. பிறகு முறம் குலுங்கியது. அரிசி தரையில் சிந்தியது. "கேட்டுச் சொல்லு. மறந்திராத, கேட்டுச் சொல்லு," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மரிசெல் உட்கார்ந்து சிந்திய அரிசியைக் கூட்டி அள்ளினாள்.

"என்கிட்டச் சொல்லியாச்சு. வீடு அவுக பேர்ல இருக்கு. அவுககிட்டயும் நீயே போய்ச் சொல்லு. நான் வரமாட்டேன்."

முன்னறையில் கோமதிசங்கர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மரிசெல் எதிரே போய் நின்று, அதே வார்த்தைகளை அதே வரிசையில் சொன்னாள். பேப்பர் இறங்கவில்லை.

"சொர்ணம் என்ன சொன்னா?"

"சிரிச்சாக."

"சிரிச்சாளா." ஒரு பக்கம் புரண்டது. "சரி. அறுப்பு முடியுற வரைக்கும் இரி."

போன வாரத்து மரிசெல் இந்த இடத்தில் தலையை ஆட்டிவிட்டு மாடி ஏறியிருப்பாள். "அதுக்குப் பெறகு, அண்ணாச்சி?"

பேப்பர் இறங்கியது. அவர் அவளைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தார். "அதுக்குப் பெறகு கார் நடவு வருமே. நாத்துப் பாவுததைப் பாக்காம ஊருக்குப் போயி என்னத்தச் சொல்லுவ?"

அடுக்களையிலிருந்து சொர்ணாம்பாளின் குரல் வந்தது. வரமாட்டேன் என்றவள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"ஏட்டி, கருவாட்டு ஆசை வந்தா பாத்திமா வீட்டுல போய்த் தின்னுட்டு, கிணத்தடியில குளிச்சிட்டு ஏறு. வெள்ளிக்கிழமை மட்டும் ஆகாது."

"வெள்ளிக்கிழமைதான அக்கா மீனு?"

உள்ளே முறம் இரண்டு தரம் புடைத்தது.

"வெள்ளிக்கிழமை தோசை தின்னு," என்று பதில் வந்தது. "தோசையும் மாமிசம் இல்லதான."