ஞாயிற்றுக்கிழமை ஆணி

லொசேலியைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும், "நல்ல பொம்பளதான், ஆனா..." என்று ஆரம்பிப்பார்கள். அந்த 'ஆனா'வை முடிப்பதற்குள் நமக்குப் பசி எடுத்துவிடும். பசிபிக் கடலில் கிடக்கும் எங்கள் டோங்காத் தீவுகளில் சண்டைக்காரிகளுக்குப் பஞ்சமில்லை. சண்டையை முடித்துக்கொள்ளத் தெரியாதவள் அவள் ஒருத்திதான் என்பது ஊரின் முடிவு. எனக்கென்னவோ, முடித்துக்கொள்ள வேண்டியவர்கள் மற்றவர்கள் என்றுதான் எப்போதும் தோன்றும்.

ஆஸ்திரேலியாவில் தக்காளி பறிக்க ஆள் எடுக்கிறார்கள் என்றதும் முதலில் பெயர் கொடுத்தவள் அவள்தான். காரணம் அவள் தலைக்கு மேலேயே இருந்தது. புயலில் பறந்துபோன கூரைத் தகரங்களைத் தெருத் தெருவாகப் பொறுக்கி வந்து, நெளிவு எடுத்து, அவளே அடித்துவைத்த கூரை அது. மழை பெய்தால் இரண்டு பெண்பிள்ளைகளும் பாயைச் சுருட்டிக்கொண்டு மூலைக்கு மூலை நகர்வார்கள். புருஷன் வடக்குத் தீவு ஒன்றில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தான். ஒரு பருவம் போய் வந்தால் சிமெண்டுக் கல்லில் வீடு எழுப்பிவிடலாம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவள் அக்காவும் சம்மதித்துவிட்டாள். பாக்கி இருந்தது போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ் ஒன்றுதான்.

இடுப்பில் சர்ச்சுக்குக் கட்டும் பின்னல் பாய்க் கச்சை கட்டி, தலைக்கு எண்ணெய் தடவி, மரியாதையாகத்தான் ஸ்டேஷனுக்குப் போனாள். அங்கே மேஜையில் இருந்தவள் ஓஃபா என்ற இளம் கான்ஸ்டபிள். பெயரைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"அக்கா, உங்க பேர்ல ஒரு கேஸ் இருக்கே."

"இருக்கும். நான்தானே உள்ள இருந்தேன்."

"மறந்துட்டீங்களோன்னு நெனச்சேன்."

"நீங்க போட்ட சாப்பாட்டை லேசுல மறக்க முடியுமா?"

ஞாயிற்றுக்கிழமை சாமிக்கு உரிய நாள் என்பதால், எங்கள் நாட்டில் அன்று வேலை செய்வது குற்றம். அந்தப் புயல் சனிக்கிழமை அடித்து ஓய்ந்தது. ஞாயிறு காலையில் வானம் மறுபடியும் கறுத்துக்கொண்டு வர, லொசேலி ஏணியைச் சாத்திக் கூரைமேல் ஏறிவிட்டாள். சுத்தியல் சத்தம் சர்ச்சுக்குள் பிரசங்கத்தின் நடுவே போய் விழுந்தது. அவள் பக்கத்து வீட்டுக்காரரும் சர்ச் மூப்பருமான கெலெபி எழுந்து வெளியே போனதை எல்லோரும் பார்த்தோம். போலீசைக் கூட்டிவரத்தான் போகிறார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

வந்த போலீஸ்காரர் நல்ல மனிதர். "இறங்கும்மா, இத்தோட போகட்டும்" என்றார். "கொஞ்சம் ஆணிதான் பாக்கி" என்று சொல்லி, அடித்து முடித்துவிட்டுத்தான் இறங்கினாள். கோர்ட்டிலும் புயலைக் காரணம் சொல்லித் தலை குனிந்திருந்தால் விட்டிருப்பார்கள். அவளோ கெலெபியைக் காட்டிக் கேட்டாள்: "அன்னைக்குக் காலைல இவர் வீட்ல மத்தியான விருந்துக்கு விறகு பொளந்து, குழி தோண்டி, கல்லைக் காயவச்சு, கிழங்கும் கறியும் வேகவச்சாங்க. அது வேலை இல்லையா? நான் ஆணி அடிச்சதுதான் வேலையா?"

கோர்ட்டில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. அபராதம் போட்டார். கட்டினால் தப்பு என்று ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும் என்று சொல்லி, அதற்குப் பதிலாக லாக்கப்பில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

இதெல்லாம் ஓஃபாவுக்கும் தெரிந்த கதைதான். குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்: "கெலெபி அய்யா மன்னிச்சுட்டேன்னு ஒரு கடுதாசி குடுத்தா, அதையும் சேர்த்து அனுப்பலாம்க்கா. பாக்கறவங்களுக்குக் கொஞ்சம் நல்லா இருக்கும்."

"அவர் எதுக்கு என்னை மன்னிக்கணும்? நனைஞ்சது என் வீடு."

ஓஃபா சும்மா இருக்கவில்லை. பாவம், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு கெலெபியின் காதில் போட்டுவிட்டாள். மறுநாளே மூப்பர் வேலியோரம் வந்து நின்றார்.

"எனக்கும் உன்மேல கோவம் ஒண்ணும் இல்ல, லொசேலி. வர ஞாயித்துக்கிழமை சர்ச்ல எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு, தப்புப் பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. அன்னைக்கே எழுதித் தரேன். எம்மவன் தானியேலாவும்தான் போறான். ஒத்தாசையா ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

"ஆணி அடிச்ச அன்னைக்குச் சாயங்காலமே சர்ச்சுக்கு வந்து பாட்டுப் பாடினேனே. சாமி ஒண்ணும் என்னை வெளிய போகச் சொல்லலையே."

"இந்த வாயை வச்சுக்கிட்டு நீ எங்கேயும் போகமாட்ட."

"வாய் இங்கேயே இருக்கட்டும். கை போனாப் போதும், தக்காளி பறிக்க."

கெலெபி வேலிக்கம்பை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். லொசேலி அன்று பூராவும் பிள்ளைகளின் பாயையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயம் இல்லாமலா இருக்கும்? ஒரு வார்த்தையில் வீடு வரும், ஒரு வார்த்தையில் போகும். அந்த ஒரு வார்த்தைதான் அவள் தொண்டையை விட்டு வரவில்லை. சான்றிதழை உள்ளது உள்ளபடி வாங்கிக்கொண்டாள்.

ஆள் எடுக்கும் கூடத்தில் தானியேலா அவளுக்கு முன்னால் நின்றான். ஆள் எடுக்க வந்திருந்த தக்காளித் தோட்டத்துக்காரர் நெட்டையான வெள்ளைக்காரர். தானியேலாவின் சான்றிதழ் துடைத்துவைத்த தட்டு மாதிரி இருந்தது. அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அறுவடை நேரத்துல ஞாயித்துக்கிழமையும் வேலை இருக்கும். வருவியா?"

"வருவேன் சார். எல்லா ஞாயித்துக்கிழமையும் வருவேன்."

சொன்ன பிறகுதான் பின்னால் நிற்பது யார் என்று அவனுக்கு ஞாபகம் வந்தது. திரும்பாமலேயே நடையைக் கட்டினான்.

லொசேலியின் காகிதத்தைத் தோட்டத்துக்காரர் இரண்டு தடவை படித்தார்.

"ஞாயித்துக்கிழமை வேலை செஞ்ச குற்றம்னு போட்டிருக்கு. கூட வேற என்ன செஞ்ச?"

"வேற ஒண்ணும் இல்ல. வேலைதான்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "எங்க ஊர்ல இதுக்குக் கூடுதல் சம்பளம் குடுப்போம். உன்னை மாதிரி ஆளைத்தான் தேடிட்டு இருக்கேன். அப்ப நீயும் ஞாயித்துக்கிழமை வருவே."

"வரமாட்டேன்."

 அவளுக்குப் பின்னால் நின்ற பெண் முதுகில் ஒரு கிள்ளுக் கிள்ளினாள்.

"ஞாயித்துக்கிழமை வேலைக்காக ஜெயிலுக்கே போயிருக்கியேம்மா."

"அது என் கூரை. மழை வந்துக்கிட்டு இருந்துச்சு. உங்க தக்காளி திங்கக்கிழமை வரைக்கும் தாங்கும்."

"வராத ஆளை நான் எப்படிச் சேர்க்கறது?"

"அது உங்க இஷ்டம். பொய் சொல்லித்தான் வரணும்னா, அந்தக் காகிதத்தோட ஒரு மன்னிப்புக் கடுதாசியும் எழுதி வாங்கிட்டு வந்திருப்பேன்."

அவர் பேனாவை மூடி, சான்றிதழைத் தனியாக எடுத்து வைத்தார். வீட்டுக்கு வந்த லொசேலி, போச்சு என்றுதான் நினைத்தாள். அன்றைக்கும் மழை பெய்தது. பாயை நகர்த்தி நகர்த்திப் போட்டாள். கெலெபி வீட்டில் மகனுக்கு வழியனுப்பு விருந்துக்குப் பன்றிக்குட்டி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கும் அழைப்பு வந்தது. ஞாயிறு விடுமுறை, மற்ற ஆறு நாளும் வேலை என்று தோட்டத்துக்காரர் தம் கையாலேயே எழுதியிருந்தார். ஊர் வாயடைத்துப் போயிற்று. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஆஸ்திரேலியா போன முதல் ஞாயிற்றுக்கிழமை, வேத புத்தகமும் இடுப்புக் கச்சையுமாக அவள் ஊருக்குள் இருக்கும் சர்ச்சுக்கு நடந்துகொண்டிருந்தாள். தோட்டத்து லாரி எதிரே வந்து நின்றது. பின்னால் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த தானியேலா குதித்து இறங்கி ஓடிவந்தான்.

"அக்கா, அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

லொசேலி அவன் சட்டைக் காலரை இழுத்து நேராக்கினாள்.

"போ, போய் ஏறு. போலீசைக் கூப்பிடற பழக்கம் எங்க வீட்ல இல்ல."