ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம்

ஹெச்.டி. கேசட் ஒன்றைக் கணினிக்குள் இறக்க வேண்டுமானால், அது ஓடி முடியும் வரை எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆகவே இத்தொழிலுக்கு முதல் தகுதி, வீட்டில் வேறு யாரும் இல்லாதிருப்பது.

உங்கள் அலமாரியிலும் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய அந்தக் கேசட்டுகள் ஒன்றிரண்டு கிடக்குமானால், நீங்களும் என் இனம். நெய்வேலி டவுன்ஷிப்பில் நாங்கள் குடியிருந்த நாளில், சுரங்கத்தில் வேலை பார்த்த என் கணவர் ஆசையாய் ஒரு ஹெச்.டி. கேமரா வாங்கினார். பிளாக்கில் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் படமெடுத்து, கேசட்டை அவர்களிடமே கொடுத்துவிடுவார். படமெடுக்கும்போது வாயைத் திறக்கமாட்டார். அவர் குரல் பதிவான கேசட் எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான். அவர் மறைந்தபின் எடுத்துப் பார்த்தால் நாடாவில் பூஞ்சை. பழுது பார்ப்பவர், "ஒரு தடவை ஓடினா பெரிசு, அந்த ஒரு தடவையிலயே புடிச்சிடுங்க" என்றார். கணினி குறையின்றி அமையும் வரை அதைத் தொடுவதில்லை என்று உறுதி செய்துகொண்டேன். பயிற்சிக்கு ஊரார் கேசட்டுகள் தாமாகவே வந்தன. அவற்றை ஓட்டும் கேமரா என்னிடம் மட்டும்தானே இருந்தது?

துளையில்லாத மடிக்கணினி

அயல்நாட்டிலிருந்து மகன் அனுப்பிய மடிக்கணினி மெல்லியது, விலையுயர்ந்தது, எனக்குப் பயன்படாதது. இந்தக் கேமராவிலிருந்து ஹெச்.டி. காட்சியை இறக்க ஃபயர்வயர் என்னும் தனிக் கம்பி வேண்டும்; அதைச் செருகும் துளை இக்காலக் கணினிகளில் இல்லை. கேமராவின் யு.எஸ்.பி. வழியே அசையாப் படங்கள் மட்டுமே இறங்கின. மகனிடம் சொன்னேன். "எல்லாத்தையும் ஃபோன்லயே எடுக்கலாமேம்மா" என்றான். எடுக்க வேண்டியவர்தாம் இல்லையே என்று சொல்ல நினைத்தேன்; அங்கே அவனுக்கு அலுவலக நேரம், வைத்துவிட்டான்.

கடைவீதியில் கணினிக் கடை வைத்திருக்கும் செபாஸ்டின் மடிக்கணினியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, எவரோ கழித்துவிட்ட பெரிய மேசைக்கணினி ஒன்றைத் தேடியெடுத்து, உள்ளே ஃபயர்வயர் அட்டையைப் பொருத்திக் கொடுத்தார். இரண்டையும் ஆட்டோவில் ஏற்றும்போது சொன்னார்: "டீச்சர், பையன் அனுப்புனதைத் தூக்கிப் போட்றாதீங்க, அவர் மூஞ்சியைப் பாக்கறதுக்கு அது போதும்."

திக்கிய மணப்பெண்

முதலில் வந்தது, பழைய குவார்ட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரியான சாரதாவின் மகள் திருமணம். மனப்பாடம் செய்யாமல் வந்த மாணவியைப் போலக் கணினி வரிக்கு வரி திக்கியது. பெண் மாலையை உயர்த்தினாள், அப்படியே நின்றாள், படம் மறுபடி அசைந்தபோது தாலியே கட்டியாகிவிட்டது. காரணங்களை ஒவ்வொன்றாகக் கண்டறிந்தேன். ஹெச்.டி. காட்சியைத் திருத்துவதற்கு அந்த நினைவகம் போதாது. பதினாறு ஜிபியாக உயர்த்தினேன். கணினி இயங்குவதற்கு ஒரு வன்தட்டு, காட்சிகள் வந்து தங்குவதற்கு வேறொன்று என்று பிரித்தேன். மூடியைத் திறந்தபோது, மின்விசிறியில் நம்மூர்ச் சாம்பல் தூசி போர்வையாய்ப் படிந்திருந்தது. கணினியின் மூளையான செயலி சூடேறித் தளர்ந்ததில் வியப்பில்லை.

இத்தனையும் சாரதாவிடம் வருத்தத்துடன் விளக்கினேன். அவள் திரையில் உறைந்து நின்ற மகளைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மெஷின் மேல பழி போடாதீங்க டீச்சர், அன்னிக்கும் அவ இப்படியேதான் முழிச்சுக்கிட்டு நின்னா!"

ஆர்ச்சுக்கு வெளியே

பணி ஓய்வுக்குப் பின் குவார்ட்டர்ஸை ஒப்படைத்துவிட்டு, டவுன்ஷிப் ஆர்ச்சுக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டவள் நான். உள்ளே இருந்தவரை மின்வெட்டு என்பதைப் பாடப்புத்தகத்தில்தான் அறிவேன். இங்கே, திருத்திய படத்தைக் கணினி முழுக் கோப்பாக ஆக்கிக்கொண்டிருக்கையில் முடியும் தறுவாயில் மின்சாரம் போயிற்று. பகல் முழுதும் செய்த வேலை பாழ். மறுநாளே யு.பி.எஸ். வாங்கினேன்.

அதைப் பொருத்த வந்த எலக்ட்ரீஷியன், முத்தாண்டிக்குப்பத்துக்காரர், என் மாடிச் சன்னலிலிருந்து தெரிந்த அனல்மின் நிலையப் புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சோறு வடிக்கிற வூட்டுக்குப் பக்கத்துல குடியிருந்துகினு, நாம ஓட்டல்ல பொட்டலம் வாங்குறோம் பாருங்க டீச்சர்."

வெட்டியதும் ஒட்டியதும்

கம்மாபுரம் பக்கத்திலிருந்து அஞ்சலையும் அவள் கணவரும் வந்தார்கள். அவர் என் கணவரோடு சுரங்கத்தில் வேலை பார்த்த காண்ட்ராக்ட் தொழிலாளி. அவர்களது புதுமனை புகுவிழாவை என் கணவர் படமெடுத்திருந்தார். விருந்தினரை விட்டுவிட்டு வெறுஞ்சுவரையும் கிணற்றையும் வேப்பமரத்தையும் கேமரா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது. கட்டுரையில் கூறியது கூறலைக் கண்டால் என் சிவப்புப் பேனா சும்மா இராது. அவை அனைத்தையும் நீக்கி, மனிதர்கள் மட்டும் வரும்படி கச்சிதமாகத் தொகுத்தேன்.

போட்டுக் காட்டினேன். அந்த வீடு சுரங்கத்துக்காக எடுக்கப்பட்டுவிட்டதை அதன்பிறகே அவள் கணவர் சொன்னார். வேப்பமரம் இருந்த இடம் இப்போது பெரும்பள்ளம். நல்லவேளை, மூலப்பதிவு இரண்டாம் வன்தட்டில் அப்படியே இருந்தது. ஒரு நொடியும் குறையாமல் திரும்ப ஒட்டினேன். என் கணவர் ஏன் அங்கே அவ்வளவு நேரம் நின்றார் என்பதை இனி யாரிடம் கேட்பது? படியிறங்கும்போது அஞ்சலை சொன்னாள்: "ஆளுங்கள வெட்டியிருந்தாக்கூட பரவால்ல டீச்சர், அவங்க கண்ணு முன்னால நடமாடிக்கினு கெடக்குறாங்க, வூடு எங்க இருக்குது?"

பூஞ்சைக் கேசட்

இனித் தள்ளிப்போடக் காரணம் ஏதுமில்லை. நினைவகம், வன்தட்டு, ஃபயர்வயர், யு.பி.எஸ். அனைத்தும் சரி, மின்விசிறியையும் துடைத்தாயிற்று. மகனை அழைத்து, "நீயும் கூட இருந்து பார்க்கிறாயா?" என்றேன். "நீ ஏத்திட்டு லிங்க் அனுப்பும்மா, ஞாயித்துக்கிழமை பாக்கறேன்" என்றான். கேசட்டைச் செருகிவிட்டு, தேர்வறையில் மேற்பார்வையாளர் போல நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

குவார்ட்டர்ஸ் தோட்டத்தில், பள்ளி இறைவணக்கத்தில் நிற்பது போல விறைப்பாக நிற்கிறேன். "கொஞ்சம் சிரி மரகதம்" என்கிறது அவர் குரல். நான் சிரிக்கவில்லை. பூஞ்சை படிந்த இடங்களில் என் முகம் சதுரம் சதுரமாகச் சிதறிச் சிதறிக் கூடியது. எனினும் நாடா அறுபடவில்லை. பிறகு அவர் கேமராவை மேசைமேல் வைத்திருக்கிறார். மேசையின் ஓரமும் சிமெண்டுத் தரையும் எங்கள் இருவர் செருப்புகளும் மட்டும் தெரிகின்றன. அந்தச் செருப்புகளின் மேல்தான் மீதிக் கேசட் முழுவதும் ஓடுகிறது, நான் பள்ளிக்கூடத்துச் செய்தியெல்லாம் ஓயாமல் பேசுகிறேன், இடையிடையே அவர் "உம்" என்கிறார், "அப்புறம்?" என்கிறார். வாடிக்கையாளர் படமாயிருந்தால் முதலில் வெட்டியிருப்பேன். இதில் ஒரு நொடியையும் தொடவில்லை. அத்தனை பேச்சையும் தொடங்கிவைத்தது, கேமராவைக் கீழே வைத்ததும் அவர் சொன்ன ஒரு வாக்கியம்: "ஆஃப் பண்ணிட்டேன், இனிமே யாரும் பாக்கல, நீ பேசு."

ஹெச்.டி. காட்சியை இறக்கித் தொகுக்க விரும்புவோருக்கு என் பட்டறிவு இதுதான்: வேகமான செயலி, தாராளமான நினைவகம், வன்தட்டு இரண்டு, ஃபயர்வயர் துளை ஒன்று, இவையெல்லாம் கடையில் கிடைக்கும், கேமராவை நிறுத்தத் தெரியாத ஒருவரை மட்டும் முன்கூட்டியே வீட்டில் வைத்திருக்க வேண்டும்.