வாசல் பூசிய இருவாச்சியும் என் முன்பணமும்

அன்று திண்டுக்கல் பயணியர் விடுதியில் இருந்தவர்கள் ஐந்து பேர். டெல்லியிலிருந்து வந்த பறவை அதிகாரி, அவர் பேச்சைத் தமிழில் சொல்ல மதராசிலிருந்து வந்த வன அதிகாரி, மலைக்காட்டு ரேஞ்சர், நாகல் நகரில் மரக்கடை வைத்திருந்த என் சேக்காளி, பிறகு நான். நயா பைசா வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மர வியாபாரிகள் வரவும் என்று சர்க்கார் கடுதாசி கிடைத்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு முத்திரை குத்திய காகிதம் எதுவும் நல்லதாகத் தெரியாது.

நான் ஆரஞ்சுப் பழம் அனுப்புகிற மரப்பெட்டி அடிக்கிறவன். மலையில் ஒரு தோட்டக்காரரிடம் பெரிய மரம் ஒன்றுக்கு நூற்றிருபது ரூபாய் முன்பணம் கொடுத்திருந்தேன். என் கைமுதலே அதுதான்.

எங்கள் அறுப்புக்காரர்கள் எந்த மரத்தையும் எடுத்த எடுப்பில் வெட்ட மாட்டார்கள். முதல் நாள் அடியில் தேங்காய் உடைத்து, "இதுல குடியிருக்கிற சீவனெல்லாம் வேற எடம் பாத்துக்கங்க, நாளைக்கு வாரோம்" என்று உரக்கச் சொல்லிவிட்டு வருவார்கள். மறுநாள்தான் கோடரி. இந்த மரத்துக்கும் சொன்னோம். மறுநாள் போனால் உச்சியில் ஒரு பொந்து. அதன் வாயை ஒரு பறவை உள்ளேயிருந்தே பூசி அடைத்து, ஒரு பிளவு மட்டும் விட்டிருந்தது. பிளவில் ஒரு மஞ்சள் அலகு. வெளியே ஆண் இருவாச்சி, உள்ளே அடைகாத்த பெட்டைக்கு அத்திப்பழம் ஊட்டிக்கொண்டிருந்தது.

"காலி பண்ணச் சொன்னோம், இது வாசலையே பூசிக்கிட்டு உக்காந்திருக்கு. எப்பிடிண்ணே வெளிய வரும்?" என்றார் மேஸ்திரி.

எனக்கென்ன தெரியும்? அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். அடுத்த வாரம் வந்ததும் கரிநாள் என்றேன். அதற்கடுத்து அஷ்டமி. மாசக் கடைசிக்குள் வெட்டாவிட்டால் முன்பணம் திரும்பக் கிடையாது, மரம் வேறு ஆளுக்கு என்று தோட்டக்காரர் சொல்லி அனுப்பினார். வேறு ஆள் பஞ்சாங்கமா பார்ப்பான்?

விடுதி மேசை நிறைய வரைபடங்கள். அழிந்துகொண்டிருக்கும் மழைக்காட்டுப் பறவை ஒன்றைக் காப்பாற்ற இந்தியா முழுமைக்கும் திட்டம் போடுகிறார்களாம். மதராஸ் அதிகாரி ஒரு படத்தைத் தூக்கிக் காட்டினார். அதே அலகு.

"இந்தப் பறவையை யாராவது..."

"ஐயா, நான் இன்னும் வெட்டலைங்கய்யா!"

சேக்காளி என் தொடையைக் கிள்ளினான். "ஏலே, வாய மூடு. அவுக இன்னும் ஒண்ணுமே கேக்கல."

எங்கே மூடுவது? தேங்காய், பூசிய வாசல், கரிநாள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அஷ்டமியை இங்கிலீஷில் விளக்க மதராஸ் அதிகாரிக்குச் செத்த நேரம் பிடித்தது. டெல்லிக்காரர் எழுந்து வந்தார். கைவிலங்குதான் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மூணு மாசமா சுத்துறோம்ப்பா, ஒரு கூடுகூட ஆப்புடல" என்று ரேஞ்சர் சிரித்தார். "நீ பஞ்சாங்கத்தை வச்சே காப்பாத்திட்டியே!"

"அப்ப அம்புட்டுத் திட்டத்துலயும் அஷ்டமியச் சேத்துக்கங்கய்யா" என்றான் சேக்காளி.

மரம் நிற்க வேண்டும், தோட்டக்காரரிடம் ரேஞ்சர் பேசுவார், என் முன்பணத்தைச் சர்க்கார் தரும் என்று அங்கேயே எழுதினார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு, "அந்த ஆம்பளைப் பறவைக்கு ஏதாச்சும் ஆயிட்டா உள்ள இருக்கிறது என்ன சாப்பிடும்?" என்று கேட்டேன்.

"அந்தக் கவலையையும் நீயே பாத்துக்க. எங்களுக்கு ஆள் கம்மி" என்றார் ரேஞ்சர்.

பார்த்துக்கொண்டேன். வாரம் ஒருமுறை பஸ் ஏறிப் போய் அண்ணாந்து நின்றேன். ஒரு நாள் பூச்சு உடைந்து கிடந்தது. பக்கத்துக் கிளையில் மூன்று பறவைகள். ஒன்றுக்கு இன்னும் சரியாகப் பறக்க வரவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது, "நம்ம புள்ள பொறந்தப்பக்கூட இப்பிடிச் சிரிக்கலையே!" என்றாள் மனைவி.

சர்க்கார் பணம் ஒரே ஒரு தடவை வந்தது, எழுபத்தைந்து ரூபாய். மீதியைக் கேட்டு எழுதச் சொல்லி அவள் இன்றும் நச்சரிக்கிறாள். எனக்குப் பயம். கேட்டால் கணக்கை முடித்துவிடுவார்கள். கணக்கு முடிந்ததென்று யாராவது மரத்தில் கை வைத்துவிட்டால்? பாக்கி நிற்கிற வரைக்கும் மரமும் நிற்கும். வர வேண்டியது நாற்பத்தைந்து ரூபாய்.