தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையின் ரத்தம்

ரத்த டியூபுகள் மாறிப்போய்விட்டதாகப் போன் வந்தபோது, ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டில் காலி ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். மாற்றியது நான்தானாம்.

என் வேலை இதுதான். மலை ஊர்களுக்குப் போய், கைக்குழந்தைகளிடமும் தாய்மாரிடமும் கொஞ்சம் ரத்தம் எடுத்து, டியூபில் பார்கோடு ஒட்டிக் கீழே அனுப்ப வேண்டும். பிறந்த குழந்தைகள் சில வீடுகளில் ஏன் அடுத்தடுத்து இறக்கின்றன என்று ஆராய்கிறார்கள். நகரத்தில் அதற்கென்று ஓர் அறை அளவுக்கு ஃப்ரீசர் இருக்கிறது. மைனஸ் எண்பது டிகிரி. உள்ளே மனிதர் போவதில்லை. ஓர் இயந்திரக் கைதான் டியூபை வைக்கும், கேட்டால் எடுத்துக் கொடுக்கும். பயிற்சியின்போது கண்ணாடி வழியாகக் காட்டி, இது ஒருபோதும் மாற்றி வைக்காது என்றார்கள். அதற்கென்ன, ஜீப்பில் தொங்கிக்கொண்டு மலையேற வேண்டுமா, முதுகு வலிக்குமா என்று நினைத்துக்கொண்டேன்.

மாறியதாகச் சொன்னது, சில மாதங்களுக்கு முன் புதூர்நாட்டுப் பக்கம் ஒரு தாயிடமும் பிள்ளையிடமும் எடுத்த ஜோடி. சோதித்துப் பார்த்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ரத்த சம்பந்தமே இல்லையாம். போய்ச் சரிபார், உண்மையான தாயிடம் ரத்தமும் கையெழுத்தும் வாங்கி வா, இல்லாவிட்டால் பிள்ளையின் டியூபையும் எடுத்து அழித்துவிடுவோம் என்றார் மேலதிகாரி. எரிச்சலாக வந்தது. ஆனாலும் ஒருவர் சந்தேகப்பட்டுவிட்டால் நம் கையை நாமே நம்ப முடிவதில்லை.

மறுநாள் போனேன். தாய் என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டவள் வீட்டு முன்னால் புளியங்கொட்டை தட்டிக்கொண்டிருந்தாள். கேட்டதும் அவள் எதையும் மறைக்கவில்லை. எதிர்வீட்டுக்காரிக்கு முதல் மூன்றும் தங்கவில்லை. அதனால் நாலாவதைப் பிறந்த அன்றே ஒரு முறம் சாமைத் தவிட்டுக்கு இவளிடம் விற்றுவிட்டாள். பால் கொடுப்பதும் வளர்ப்பதும் பெற்றவள்தான். ஆனால் யார் கேட்டாலும் பிள்ளை இவளுடையது. எமனே வந்து கேட்டாலும் அந்த வீட்டில் பிள்ளை இல்லை.

"புள்ளயோட அம்மாவக் கூப்டீங்க, வந்தேன். இதுல இன்னா தப்பு நர்சம்மா?"

அவள் மேல் தப்பே இல்லை. அன்று ஊசி குத்தும்போது குழந்தையின் காலைப் பிடித்திருந்தவள் எதிர்வீட்டுக்காரி. குழந்தை வீறிட்டதும் அவள் ரவிக்கை நனைந்தது. பார்த்தேன். பார்த்தும் கேட்கவில்லை. இன்னும் நிறைய வீடு பாக்கி இருந்தது, பெட்டியில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது, எனக்கும் அலுத்துப்போயிருந்தது.

எதிர்வீட்டுக்குப் போனேன். பிள்ளை அவள் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னேன். அந்த மூன்றும் ஏன் போயின என்பதற்கு ஒருவேளை இவள் ரத்தத்திலும் இந்தப் பிள்ளையின் ரத்தத்திலும் பதில் கிடைக்கலாம். இதற்கே ஏதாவது ஆபத்து இருந்தாலும் முன்கூட்டியே தெரியலாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, காகிதத்தைக் காட்டி ஒன்று மட்டும் கேட்டாள்.

"இதுல நான் பெத்தன்னு எழுதுவீங்களா?"

எழுதத்தான் வேண்டும் என்றேன். எழுதினால் எத்தனை வருஷம் இருக்கும் என்றாள். ரொம்ப வருஷம் இருக்கும், அழியாது என்று சொன்னேன். தைரியம் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. கதவுப் பக்கம் திரும்பி, வெளியே யாரோ நின்று கேட்பதுபோலச் சத்தமாகச் சொன்னாள்.

"அது எம்புள்ள இல்லீங்க."

கை மட்டும் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தது.

இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம். பேசிச் சம்மதிக்க வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் அவள் பயப்படுவதைப் பார்த்த பிறகு எனக்கும் பயமாக இருந்தது. அந்த டியூப் போய்விடும் என்று தெரியும், அதோடு என்ன போகிறது என்பதும் தெரியும். பேனாவை எடுத்து, ரத்தம் பெற முடியாததற்குக் காரணம் கேட்டிருந்த இடத்தில், இந்த வீட்டில் பிள்ளை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.