சேர்வர் அறையில் பூமாலை

எங்கள் அலுவலகத்தில் பிளக் உள்ள எல்லாமே என் வேலை. காற்றாடி சுற்றாவிட்டாலும் மேலதிகாரியின் மகனுடைய போன் பழுதானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஏன் என்று கேட்டால், "நீங்கள்தானே ஐ.டி" என்பார்கள்.

அன்று காலை சேர்வர் அறையைத் திறந்தேன். மல்லிகை மணந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யூ.பி.எஸ்ஸின் தலையில் ஒரு வாளி. வாளி நிறைய அன்றைய விழாவுக்கு வரும் பிரதம அதிதிக்கான மாலைகள். இரவு முழுக்க ஏ.சி ஓடும் அறை அது ஒன்றுதான் என்பதால் பூ வாடாதாம். ஒவ்வொரு விழாவுக்கும் இதே கூத்து. கதவில் எழுதி ஒட்டினேன், வாயாலும் சொன்னேன், யார் கேட்டார்கள்? இந்த முறை தண்ணீர் வழிந்து யூ.பி.எஸ் செத்துப்போனது. அதோடு சேர்வரும் படுத்துவிட்டது.

சேர்வர் படுத்தால் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி எடுக்க முடியாது. கவுன்டரில் ஸ்கந்தபுரத்திலிருந்து வந்த ஓர் அம்மா நின்றார். மறுநாள் காலை அவருடைய மகளுக்குத் தாதியர் பயிற்சிக்கான நேர்முகத் தேர்வு. சான்றிதழ் இல்லாமல் போனால் உள்ளே எடுக்கமாட்டார்கள்.

"பிள்ளை, இண்டைக்கு எடுக்கலாம்தானே?"

"ஓம் அம்மா, இருங்கோ" என்றேன். சுவர்ப் பிளக்கில் நேரே கொடுத்தால் சேர்வர் எழும்பிவிடும். அதற்குள் மேலதிகாரி ஓடி வந்தார்.

"தங்கச்சி, மைக் கூவுது. கெதியா வாங்கோ."

"சேர், சேர்வர் நிண்டுபோச்சு. சனம் காத்துக்கொண்டு நிக்குது."

"சனம் நிக்கும். அதிதி பரந்தன் தாண்டிட்டார்."

என்ன விழா தெரியுமா? இணையவழிச் சேவைத் தொடக்க விழா. இனிமேல் மக்கள் சான்றிதழுக்காகக் காத்திருக்கத் தேவையில்லையாம். சேர்வர் இல்லாமல் எதைத் தொடக்குவது என்று கேட்டேன். முதல்நாள் ஒத்திகையில் எடுத்த இணையப் பக்கத்தின் படத்தைத் திரையில் போடச் சொன்னார். அதிதி பட்டனை அமத்தும்போது நான் படத்தை மாற்ற வேண்டும். மாற்றினேன்.

மண்டபத்தில் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. அதனால் கவுன்டரில் நின்றவர்களைக் கூட்டி வந்து இருத்தினார்கள். அந்த அம்மாவுக்கு முன்வரிசை. "காத்திருப்பு ஒழிந்தது" என்று அதிதி முழங்கியபோது, அந்த அம்மா பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துப் பார்த்துக் கைதட்டினார். என் யூ.பி.எஸ்ஸைக் கொன்ற மாலை அதிதியின் கழுத்தில் கொஞ்சமும் வாடாமல் கிடந்தது.

விழா முடிந்ததும் ஓடிப்போய்ச் சேர்வரை எழுப்பிப் பிரதியை அச்சிட்டேன். கையொப்பம் வைக்க வேண்டிய பதிவாளரைக் காணவில்லை. அதிதியோடு சாப்பிடப் போய்விட்டாராம். கவுன்டரில் அந்த அம்மா, விழாவில் கொடுத்த கேக் பெட்டியைப் பிரிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, நான் வடிவாக் கை தட்டினனான். இனித் தருவினமோ?"

பகிடிக்குக் கேட்கவில்லை. கைதட்டுவதும் இங்கே ஒரு நடைமுறை என்று நினைத்திருக்கிறார். பிரதியைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு அறைக்குள் போனேன். பதிவாளர் இரணைமடு மீன் பொரியலைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அதிதி.

"சாப்பிட்டிட்டு வாறன், தங்கச்சி."

"இல்லை சேர். கையைக் கழுவிப்போட்டு இப்பவே வையுங்கோ. அந்த அம்மா கை தட்டிப்போட்டு நிக்கிறா."

"எந்த அம்மா?" என்று அதிதி கேட்டார்.

"உங்களுக்கு முன்னால இருந்தவா."

பதிவாளர் எழுந்து போய்க் கை கழுவினார். கையொப்பத்தின் ஓரத்தில் ஈரம் பட்டு மை கொஞ்சம் பரவியது. அந்த அம்மா அதை ஊதிக் காயவைத்துக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினார்.

மறுநாள் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார். வாளியைப் பற்றி அல்ல. அதிதியின் சாப்பாட்டைக் குழப்பியதைப் பற்றி.